மிர்மீசியா பைலோசுலா: தாவும் புல்டாக் எறும்பின் உடலமைப்பும் பரவலும் இனவரையறைச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியிலும் தாஸ்மானியாவிலும் வாழும் மிர்மீசியா பைலோசுலா என்னும் எறும்பு, ‘ஜாக் ஜம்பர்’ என்று அந்நாட்டு மக்களால் அழைக்கப்படுகிறது. புல்டாக் எறும்புகள் எனப்படும் மிர்மீசியா பேரினத்தைச் சேர்ந்த இச்சிற்றினத்தின் உடலமைப்பு, வாழிடம், பரவல் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. ஒரே சிற்றினம் என நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வெறும்பு, குரோமோசோம் ஆய்வுகளின் பின்னர் பல சிற்றினங்களின் தொகுதி என்று அறியப்பட்டது. இம்மாற்றம் இதன் பரவல் பற்றிய பழைய கூற்றுகளை எவ்வாறு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது, நஞ்சு ஒவ்வாமை மருத்துவத்திற்கு அது ஏன் இன்றியமையாதது, தென்னிந்திய, இலங்கைச் சூழலில் எறும்பியல் ஆய்வுக்கு அதிலிருந்து பெறத்தக்கது யாது என்னும் வினாக்கள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மிர்மீசியா, புல்டாக் எறும்பு, ஜாக் ஜம்பர், சிற்றினத் தொகுதி, குரோமோசோம் எண்ணிக்கை, பரவல், நஞ்சு ஒவ்வாமை.

1. முன்னுரை

ஓர் உயிரினத்தைப் பற்றிய விளக்கத்தில் உடலமைப்பும் பரவலும் முதலிடம் பெறுகின்றன. அது எவ்வாறு இருக்கும், எங்கே இருக்கும் என்னும் இரு வினாக்களுக்கு விடை கிடைத்தபின்னரே அதன் நடத்தை, சூழலியல், மருத்துவ முதன்மை ஆகியவற்றைப் பேச இயலும். ஆயினும் இவ்விரு விடைகளும் ‘எது ஒரு சிற்றினம்’ என்னும் முன்முடிவைச் சார்ந்தே அமைகின்றன. சிற்றினத்தின் எல்லை மாறும்போது அதன் உடல் அளவுகளும் மாறுகின்றன. பரவல் வரைபடமும் மாறுகிறது. இதனைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்றாக மிர்மீசியா பைலோசுலா விளங்குகிறது.

தமிழில் எறும்புகளைக் குறிக்கும் சொற்கள் பல உள்ளன. கட்டெறும்பு, சிற்றெறும்பு, சுள்ளெறும்பு, முசுறு, பிள்ளையார் எறும்பு என வழங்கும் பெயர்கள் நிறம், அளவு, வாழிடம், கடிக்கும் இயல்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. மிர்மீசியா எறும்புகள் இந்தியாவிலோ இலங்கையிலோ இல்லை என்பதால் அவற்றுக்கு மக்கள் வழக்கில் தமிழ்ப்பெயர் இல்லை. ‘காளை எறும்பு’ என மொழிபெயர்க்க இயலும். எனினும் பற்றியதை விடாத நாயின் பிடியை நினைவூட்டும் ‘புல்டாக் எறும்பு’ என்னும் வழக்கே இவ்வெறும்பின் இயல்பை நேரடியாகச் சுட்டுகிறது. எனவே இக்கட்டுரையில் பேரினத்தைக் குறிக்க அப்பெயரும், சிற்றினங்களைக் குறிக்க அறிவியற் பெயர்களும் ஆளப்படுகின்றன.

2. பெயரும் வகைப்பாட்டு வரலாறும்

ஜேம்ஸ் குக்கின் கடற்பயணத்தின்போது 1770-இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஜோசப் பேங்க்ஸ் திரட்டிய பூச்சிகளுள் ஒரு புல்டாக் எறும்பும் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோகான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ் அதனை 1775-இல் ஃபார்மிகா குலோசா என்னும் பெயரில் விவரித்தார். பின்னர் 1804-இல் அவரே மிர்மீசியா என்னும் பேரினத்தை நிறுவினார். இன்று இப்பேரினத்தில் 90-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நியூ கலிடோனியாவில் வாழும் மிர்மீசியா ஏபிகாலிஸ் நீங்கலாக, ஏறத்தாழ அனைத்தும் ஆஸ்திரேலியாவுக்கே உரியவை.

மிர்மீசியா பைலோசுலாவை 1858-இல் விவரித்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிரடரிக் ஸ்மித் ஆவார். தாஸ்மானியாவிலிருந்து பெறப்பட்ட மாதிரிகளே அவரது விளக்கத்திற்கு அடிப்படை. ‘பைலோசுலா’ என்பது மயிர் நிறைந்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் குறுமை வடிவம்; உடலைப் போர்த்தியுள்ள நுண்மயிர்களை அது சுட்டுகிறது. இதன் மக்கட்பெயரான ‘ஜாக் ஜம்பர்’, கிளர்ச்சியுற்றபோதும் இரையை நெருங்கும்போதும் இது துள்ளித் தாவும் இயல்பால் அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சிற்றினம் எப்பேரினத்திற்கு உரியது என்பதிலேயே கருத்து வேறுபாடு நிலவியது. ஆஸ்திரேலிய எறும்பியலாளர் ஜான் கிளார்க், உருவில் சிறிய தாவும் எறும்புகளைப் புரோமிர்மீசியா என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தார். அப்பிரிப்பு நிலையானதன்று எனக் கருதிய வில்லியம் பிரவுன் 1953-இல் அதனை மிர்மீசியாவுடன் மீண்டும் இணைத்தார். பின்னர் 1991-இல் கசுவோ ஒகாட்டா இப்பேரினத்தை ஒன்பது சிற்றினக் குழுக்களாக வகுத்தபோது, தாவும் சிற்றெறும்புகள் பலவற்றைக் கொண்ட குழு பைலோசுலா குழு எனப் பெயர் பெற்றது.

3. உடலமைப்பு

3.1 வேலைக்கார எறும்பு

வேலைக்கார எறும்பின் உடல் 12 முதல் 14 மில்லிமீட்டர் நீளமுடையது. மிர்மீசியா பேரினத்தின் பெரிய சிற்றினங்கள் 30 மில்லிமீட்டரைக் கடப்பவை என்பதை நோக்க, இது சிறியதே. ஆயினும் தமிழ்நாட்டு வீட்டுப்புறங்களில் காணும் பெரிய கட்டெறும்புக்கு இது இணையான அளவினது. உடலின் நிறம் கருமை. சிலவற்றில் உலோகப் பளபளப்புத் தோன்றும். உணர்கொம்புகள், தாடைகள், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியன மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தவை. கரிய உடலும் மஞ்சள் நிற உறுப்புகளும் இணைந்த இத்தோற்றமே களத்தில் இதனை அடையாளங்காண உதவும் முதற்குறி.

தலையின் முன்புறத்தில் நீண்டு மெலிந்த இரு தாடைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அதாவது உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவை எட்டுகின்றன. அவற்றின் புற விளிம்பு உட்குழிந்தும், உள்விளிம்பு பற்களுடனும் அமைந்திருக்கும். இத்தாடைகள் மெல்லுவதற்கு உரியவை அல்ல. இரையைப் பற்றுதல், முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிச் செல்லுதல், மண்துகள்களை நகர்த்துதல் ஆகிய பணிகளுக்குக் கைகளைப்போல் அவை பயன்படுகின்றன.

தலையின் இருபுறமும் உள்ள கூட்டுக்கண்கள் பெரியவை; வெளிநோக்கிப் புடைத்தவை. பெரும்பாலான எறும்பினங்களில் வேலைக்கார எறும்புகள் மணத்தையே முதன்மையாக நம்பி வாழ்கின்றன. அவற்றில் தனிக்கண்கள் இல்லாமலும் கூட்டுக்கண்கள் சிறுத்தும் இருப்பது வழக்கம். மிர்மீசியாவிலோ வேலைக்கார எறும்புக்கும் நெற்றியில் மூன்று தனிக்கண்கள் உண்டு. நகரும் பொருளைத் தொலைவிலிருந்தே கண்டு, தலையைத் திருப்பி, அதனைத் தொடர்ந்து நோக்கும் இயல்பு இவற்றுக்கு உண்டு. மனிதர் அருகில் வரும்போது இவ்வெறும்பு நின்று ‘பார்ப்பது’போல் தோன்றுவது வெறும் கற்பனையன்று, அது பார்வையால் வழிநடத்தப்படும் வேட்டை விலங்கு.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு கணுக்கள் கொண்ட இடை உள்ளது. உடலின் மேற்பரப்பில் பல பகுதிகளில் பள்ளப்புள்ளிகள் காணப்படும். தலையில் உள்ளவை பெரியனவும் ஆழமற்றனவும் ஆகும். நரைநிற நுண்மயிர்கள் குட்டையாகவும் நிமிர்ந்தும் அமைந்துள்ளன. வயிற்றில் அவை நீண்டும் அடர்ந்தும் இருக்கின்றன.

3.2 அரசியும் ஆணும்

அரசி எறும்பு 14 முதல் 16 மில்லிமீட்டர் நீளமுடையது. வேலைக்கார எறும்பை அது பெரிதும் ஒத்திருக்கும். பறப்பதற்கான தசைகளைத் தாங்கவேண்டியிருப்பதால் அதன் மார்புப்பகுதி பருத்திருக்கும். அப்பகுதியின் மேற்பரப்பும் சொரசொரப்பு மிக்கது. அரசிக்கும் வேலைக்கார எறும்புக்கும் இடையே வேறுபாடு குறைந்திருப்பது புல்டாக் எறும்புகளின் பொதுவான பண்பாகும். புதுக்கூடு அமைக்கும் அரசி, மற்ற பல எறும்பினங்களின் அரசியைப்போல் தன் உடற்கொழுப்பை மட்டும் நம்பி அடைந்து கிடப்பதில்லை. வெளியே சென்று இரை தேடியே முதற்புழுக்களை வளர்க்கிறது.

ஆண் எறும்பு 11 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் தாடைகள் சிறியவை, முக்கோண வடிவின. நீண்ட நரைமயிர்கள் அதன் உடலைப் போர்த்தியுள்ளன. ஆணுக்குக் கொடுக்கு இல்லை. எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் கொடுக்கு என்பது பெண்ணின் முட்டையிடும் உறுப்பு உருமாறியமைந்தது என்பதே இதற்குக் காரணம்.

4. கடியும் கொட்டும்

தமிழில் தேள், தேனீ, குளவி ஆகியன ‘கொட்டின’ என்கிறோம். எறும்பு ‘கடித்தது’ என்கிறோம். முசுறு போன்ற எறும்புகளுக்கு இவ்வழக்கு முற்றும் பொருந்தும். அவற்றுக்குக் கொடுக்கு இல்லை. அவை தாடையால் கடித்து, அப்புண்ணில் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. புல்டாக் எறும்பின் செயல்முறை வேறு. அது முதலில் தாடைகளால் தோலைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் வயிற்றை முன்னோக்கி வளைத்து, அதன் நுனியிலுள்ள கொடுக்கைச் செலுத்துகிறது. வலியும் நஞ்சும் கொடுக்கிலிருந்தே வருகின்றன. தேனீயின் கொடுக்கில் உள்ளதுபோன்ற பெரிய முட்கள் இதில் இல்லாமையால், அது தோலில் சிக்கி அறுபடுவதில்லை. ஆகவே ஒரே எறும்பு பன்முறை கொட்ட இயலும்.

இந்நஞ்சில் புரதக்கூறுகளான சிறு பெப்டைடுகள் மிகுந்துள்ளன. இச்சிற்றினத்தின் பெயராலேயே ‘பைலோசுலின்’ என வழங்கும் பெப்டைடுகள் அவற்றுள் முதன்மையானவை. பெரும்பாலோர்க்குக் கொட்டிய இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றோடு பாதிப்பு நின்றுவிடும். ஒவ்வாமை உடையவர்களுக்கோ உடல் முழுவதும் தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் சரிதல் என அது உயிருக்கே இடராக வளரலாம். தாஸ்மானிய மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் இவ்வெறும்பின் நஞ்சுக்கு ஒவ்வாமை உடையவர்கள் என 2003-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1980 முதல் 1999 வரையிலான காலத்தில் ஆஸ்திரேலியாவில் எறும்பு கொட்டியதால் நிகழ்ந்த ஆறு இறப்புகளை மற்றோர் ஆய்வு இனங்கண்டது. அவற்றுள் ஐந்து தாஸ்மானியாவில் நிகழ்ந்தவை. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூச்சியின் பரவலை அறிவது ஏன் பொதுநல வினாவாகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

5. வாழிடமும் கூடும்

மிர்மீசியா பைலோசுலா பகலில் இயங்குவது; வெயிலை விரும்புவது. அடர்ந்து நிழல் மிகுந்த ஈரக்காடுகளைவிட, மரங்கள் இடைவிட்டு நிற்கும் உலர்ந்த யூகலிப்டஸ் காடுகள், காட்டோர வெளிகள், மேய்ச்சல் நிலங்கள், ஊர்ப்புறத் தோட்டங்கள் ஆகிய இடங்களில் இதனை மிகுதியாகக் காணலாம். காடு திருத்தி வீடு கட்டப்பட்ட இடங்கள் இதற்கு உகந்த வெயில்வெளிகளாக அமைந்துவிடுவதால், மனிதரும் இவ்வெறும்பும் எதிர்ப்படும் வாய்ப்பு கூடுகிறது.

கூடு மண்ணுக்குள் அமைகிறது. அதன்மேல் நுண்சரளையால் ஆன மேடு பல இடங்களில் காணப்படும். சிறு கற்கள், விதைகள், கரித்துண்டுகள், சுள்ளிகள் ஆகியவற்றை எறும்புகள் அம்மேட்டின்மீது பரப்பி வைக்கின்றன. இவை வெயிலில் விரைந்து சூடேறுவன. குளிர்மிகு தாஸ்மானியா போன்ற நிலப்பகுதியில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வளர வேண்டிய வெப்பத்தைத் திரட்டித்தரும் அமைப்பாக இம்மேடு பயன்படுகிறது என விளக்கப்படுகிறது. எனினும் எல்லாக் கூடுகளுக்கும் மேடு இருப்பதில்லை. கல்லுக்கு அடியில் மறைந்த கூடுகளும் உண்டு.

வேலைக்கார எறும்புகள் தனித்தனியாகவே இரை தேடுகின்றன. சாரையாகச் செல்லும் வழக்கம் இவற்றிடம் இல்லை. ஈ, சிலந்தி, வேறு பூச்சிகள் ஆகியவற்றைப் பிடித்துக் கூட்டுக்குக் கொண்டுவருகின்றன. அவ்விரை பெரும்பாலும் புழுக்களுக்கே உணவாகிறது. முதிர்ந்த எறும்புகள் பூந்தேனையும் பிற இனிய சாறுகளையும் உண்கின்றன. சாரை இல்லாமையால் களத்தில் கூட்டின் இருப்பிடத்தைக் கண்டறிவது எளிதன்று. ஓர் எறும்பைக் கண்டு, அது திரும்பும் வழியைப் பொறுமையுடன் பின்தொடர வேண்டும். பரவல் பதிவுகள் பல, கூட்டிலிருந்து பெறப்படாமல் தனி எறும்புகளிலிருந்தே பெறப்பட்டுள்ளமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

6. பரவல்

மிர்மீசியா உள்ளடங்கிய துணைக்குடும்பம் இன்று ஆஸ்திரேலியப் பகுதிக்குள் ஒடுங்கியுள்ளது. ஆனால் இயோசீன் காலத்துப் புதைபடிவங்கள் அர்ஜென்டினா, கனடா, டென்மார்க் ஆகிய நாடுகளிலிருந்து கிடைத்துள்ளன. எனவே இன்றைய பரவல், ஒருகாலத்தில் உலகின் பல பகுதிகளில் விரிந்திருந்த ஒரு குடிவழியின் எச்சமே ஆகும். ‘ஆஸ்திரேலியாவுக்கே உரியது’ என்னும் தொடர் இன்றைய நிலையைக் குறிப்பதேயன்றி, தோற்ற இடத்தைக் குறிப்பதாகாது.

பழைய நூல்களில் மிர்மீசியா பைலோசுலாவின் பரவல் மிக விரிவாகத் தரப்பட்டிருக்கும். தாஸ்மானியா, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி, தென் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு ஆகியவற்றோடு, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனையும் அதில் இடம்பெறும். இவ்விரிவை நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. தென்மேற்கு முனைக்கும் தென்கிழக்குப் பகுதிக்கும் இடையே நல்லார்போர் சமவெளி என்னும் மரமற்ற வறண்ட சுண்ணாம்புப் பரப்பு பரந்துள்ளது. இருபுறத்துத் தாவர, விலங்கினங்களும் தனித்தனியே படிமலர்ச்சியுறக் காரணமான தடை அது. அதனைக் கடந்து ஒரே சிற்றினம் இருபுறமும் மாறாது வாழ்கிறதா, அன்றி ஒத்த தோற்றமுடைய வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டுள்ளனவா? வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலவில்லை. விடை, உயிரணுவின் உட்கருவிலிருந்து வந்தது.

7. குரோமோசோம் சான்றும் சிற்றினத் தொகுதியும்

எறும்புகளில் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் தோன்றுகின்றன. ஆகவே பெண் எறும்பு இருமடிய குரோமோசோம்களையும் ஆண் எறும்பு ஒருமடிய குரோமோசோம்களையும் பெற்றிருக்கும். கான்பெரா நகரை அடுத்த டிட்பின்பில்லா இயற்கைக் காப்பகத்தில் கிடைத்த ஒரு கூட்டின் எறும்புகளை ஆராய்ந்த மைக்கேல் கிராஸ்லாண்ட், ராஸ் குரோசியர் ஆகியோர் 1986-இல் சயின்ஸ் இதழில் ஒரு வியத்தகு முடிவை வெளியிட்டனர். அக்கூட்டின் வேலைக்கார எறும்புகளில் குரோமோசோம்கள் ஒரே ஓர் இணையாக, அதாவது இரண்டு மட்டுமே, இருந்தன. ஆண் எறும்பிலோ ஒன்றே ஒன்று. இருமடிய உயிரிக்கு இதற்கும் குறைந்த எண்ணிக்கை அமைய இயலாது.

அக்கட்டுரையில் அவ்வெறும்பு மிர்மீசியா பைலோசுலா என்றே குறிக்கப்பட்டது. ஆயினும் தொடர்ந்து பல இடங்களிலிருந்து திரட்டப்பட்ட ‘பைலோசுலா’ எறும்புகளை ஹிரோதாமி இமாய் முதலியோர் ஆராய்ந்தபோது, குரோமோசோம் எண்ணிக்கை 2 முதல் 32 வரை வேறுபடுவது தெரியவந்தது. பெரிதும் வேறுபட்ட குரோமோசோம் அமைப்புடைய இரு கூட்டங்கள் கலந்து பிறக்கும் கலப்பினத்தில், இனச்செல் உருவாகும்போது குரோமோசோம்கள் ஒழுங்காக இணைசேர்வது தடைப்படும். எனவே இவையனைத்தும் தமக்குள் கலந்து இனம்பெருக்கும் ஒரே சிற்றினமாக இருக்க இயலாது என்னும் முடிவு வலுப்பெற்றது.

இதன் விளைவாக, ஓர் இணைக் குரோமோசோம் உடைய எறும்பு 1991-இல் மிர்மீசியா கிராஸ்லாண்டி என்னும் தனிச் சிற்றினமாக ராபர்ட் டெய்லரால் பெயரிடப்பட்டது. 2015-இல் அவர் வெளியிட்ட விரிவான மறுஆய்வு, தொகுதியில் மேலும் நான்கு புதிய சிற்றினங்களை விவரித்தது. அவை மிர்மீசியா பாங்க்சி, மிர்மீசியா ஹாஸ்கின்சோரம், மிர்மீசியா இமாயி, மிர்மீசியா இம்பேட்டர்னாட்டா என்பன. முதல் மூன்றும் முறையே ஜோசப் பேங்க்ஸ், புல்டாக் எறும்புகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஹாஸ்கின்ஸ் இணையர், ஹிரோதாமி இமாய் ஆகியோரின் பெயரைத் தாங்கியவை. நான்காவது, பாங்க்சிக்கும் பைலோசுலாவுக்கும் இடையே ஏற்பட்ட கலப்பில் தோன்றி, தந்தைவழி மரபுப்பங்கு இன்றித் தாய்வழியே தொடரும் குடிவழி எனக் கருதப்படுகிறது. ‘தந்தையற்றது’ என்னும் பொருள்தரும் பெயர் அதனாலேயே அதற்கு அமைந்தது.

குரோமோசோம் எண்ணிக்கை 18 முதல் 32 வரை உடையவை இன்று மிர்மீசியா பைலோசுலா என்னும் பெயருக்குள் நிற்கின்றன. இவ்வீச்சும் சிறியதன்று என்பதால், இத்தொகுதியின் பகுப்பு முற்றுப்பெற்றுவிட்டது எனக் கொள்ள வேண்டியதில்லை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழும் இமாயி தனிச் சிற்றினமாகப் பிரிக்கப்பட்டமையால், அப்பகுதியிலிருந்து பைலோசுலா எனத் தரப்பட்ட பழைய பதிவுகளை மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இனி எடுத்தாள இயலாது. நல்லார்போர் தடை பற்றி எழுந்த ஐயம் அடிப்படையற்றதன்று என்பதும் இதனால் பெறப்படுகிறது.

உடலமைப்பு விளக்கத்திற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய விளக்கங்களில் தரப்பட்ட அளவுகளும் நிற வேறுபாடுகளும் பல சிற்றினங்களின் மாதிரிகளை ஒன்றாகக் கூட்டிப் பெறப்பட்டவையாக இருக்கக்கூடும். ‘இச்சிற்றினம் மிகுந்த மாறுபாடு உடையது’ என்னும் தொடர் வகைப்பாட்டு நூல்களில் அடிக்கடி காணப்படுவது. அத்தொடர் சில வேளைகளில் உயிரினத்தின் இயல்பைக் கூறுகிறது. சில வேளைகளில் பகுக்கப்படாத பல சிற்றினங்கள் உள்ளே மறைந்திருப்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

8. பெயரும் மருந்தும்

தேனீ, குளவி ஆகியவற்றின் நஞ்சைச் சிறுசிறு அளவில் தொடர்ந்து செலுத்தி, உடலைப் பழக்கி, ஒவ்வாமையைத் தணிக்கும் சிகிச்சை நெடுநாளாக வழக்கில் உள்ளது. இதே முறை தாவும் எறும்பின் நஞ்சுக்கும் பயன் தருமா என்பதை அறியத் தாஸ்மானியாவில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சைமன் பிரவுன் முதலியோரின் அவ்வாய்வு 2003-இல் லான்செட் இதழில் வெளியானது. சோதனைக்காக எறும்பு கொட்டச் செய்தபோது, போலி மருந்து பெற்ற 29 பேரில் 21 பேருக்கு உடல்தழுவிய ஒவ்வாமை தோன்றியது. நஞ்சுச் சிகிச்சை பெற்ற 23 பேரில் எவருக்கும் அத்தகைய எதிர்வினை தோன்றவில்லை. எறும்பு நஞ்சு ஒவ்வாமைக்குச் சிகிச்சை உண்டு என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவிய ஆய்வு இது.

இச்சிகிச்சையின் அடிப்படை, நோயாளிக்கு ஒவ்வாமை தந்த எறும்பும் மருந்துக்கு நஞ்சு தந்த எறும்பும் பொருந்துவது. தாஸ்மானியா ஸ்மித்தின் மூலமாதிரிகள் வந்த இடம் என்பதால் அங்கே பெயர்ச்சிக்கல் குறைவு. ஆனால் ஆஸ்திரேலியப் பெருநிலப்பகுதியில், தோற்றத்தால் ‘பைலோசுலா’ எனத் தோன்றும் எறும்பு அத்தொகுதியின் வேறு சிற்றினமாக இருக்கலாம். 2011-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, பைலோசுலா தொகுதியோடு வேறு சில மிர்மீசியா சிற்றினங்களும், ரைட்டிடோபோனெரா மெட்டாலிக்கா என்னும் பச்சைத்தலை எறும்பும் கடும் ஒவ்வாமைக்குக் காரணமாவதைக் காட்டியது. ஆகவே நோயாளியைக் கொட்டியது ‘ஒரு கருப்பு எறும்பு’ என்னும் குறிப்பு மருத்துவருக்குப் போதுமானதாகாது. எங்கே கொட்டியது, அவ்விடத்தில் எச்சிற்றினம் வாழ்கிறது என்னும் பரவலறிவே நோயறிதலின் முதற்படியாகிறது. அருங்காட்சியகப் பேழையில் ஊசிகுத்தி வைக்கப்பட்ட மாதிரியும் மருத்துவமனையின் நஞ்சுக்குப்பியும் ஒரே அறிவுத்தொடரின் இரு முனைகள் எனலாம்.

9. தென்னிந்திய, இலங்கைச் சூழலுக்கான பயன்

மிர்மீசியா நம் நிலத்தில் இல்லையெனினும், அதனோடு ஒப்பிடத்தக்க இரு எறும்புகள் உள்ளன. முதலாவது, ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்னும் தாவும் எறும்பு. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851-இல் வெளியிட்ட பட்டியலில் இதனை விவரித்தார். நீண்ட தாடை, பெரிய கண், தாவும் ஆற்றல், தனித்து வேட்டையாடும் இயல்பு ஆகிய அனைத்திலும் இது ஜாக் ஜம்பரை ஒத்துள்ளது. ஆனால் இதன் இடையில் ஒரே கணுவே உண்டு, மிர்மீசியாவில் இரண்டு. ஹார்பெக்னாதஸ் வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே வகையான வேட்டை வாழ்வு, தொலைவான இரு குடிவழிகளில் ஒரே வகையான உடலை உருவாக்கியுள்ளது. ஒப்புமை உறவைக் காட்டாது என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, டெட்ராபோனெரா ருஃபோநைக்ரா என்னும் எறும்பு. கருந்தலையும் கருவயிறும் செந்நிற மார்பும் கொண்டு, மரத்தண்டுகளில் தனியே விரைந்து திரியும் இதனைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பலர் கண்டிருப்பர். தோற்றத்தில் இது ஜாக் ஜம்பரைப்போல் இல்லை. ஆயினும் இது அடங்கிய துணைக்குடும்பமே மிர்மீசியாவின் துணைக்குடும்பத்திற்கு மிக நெருங்கிய உறவுடையது என மூலக்கூற்று ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வெறும்பு கொட்டியதால் உயிருக்கு இடரான ஒவ்வாமை ஏற்பட்டமையை இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இங்கேதான் ஆஸ்திரேலிய அனுபவம் நமக்குப் பயன்படுகிறது. ‘எறும்புக்கடி’ என்னும் ஒரு சொல்லுக்குள் கடிக்கும் எறும்பும் கொட்டும் எறும்பும் அடங்கிவிடுகின்றன. நோயாளியின் மொழி அச்சொல்லோடு நிற்பது இயல்பே. மருத்துவக் குறிப்பும் அதனோடு நின்றுவிட்டால், காரணமான சிற்றினம் என்றும் அறியப்படாமல் போகும். இயலும் இடங்களில் எறும்பின் மாதிரி ஒன்றைச் சாராயத்தில் இட்டுக் காத்தல், இடமும் நாளும் குறித்தல், விலங்கியல் துறையினரின் துணையோடு சிற்றினத்தை உறுதிசெய்தல் என்னும் எளிய நடைமுறைகள் வழக்கத்திற்கு வந்தால், நம் நிலத்துக் கொட்டும் எறும்புகளின் பரவலும் மருத்துவ முதன்மையும் தெளிவாகும். கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு ஏற்ற கள ஆய்வாகவும் இது அமையும்.

10. முடிவுரை

மிர்மீசியா பைலோசுலாவின் கரிய உடல், மஞ்சள் தாடை, பெரிய கண், தாவும் நடை, கொடுக்கு ஆகியன 1858 முதல் அறியப்பட்டவை. அவ்விளக்கம் பிழையானதன்று; ஆயினும் அது ஒரு சிற்றினத்திற்கு மட்டும் உரியதாக இல்லை. குரோமோசோம் ஆய்வு அப்பெயருக்குள் மறைந்திருந்த பிற சிற்றினங்களை வெளிக்கொணர்ந்தது. அதனால் பரவல் எல்லை மீண்டும் வரையப்பட வேண்டியதாயிற்று. அவ்வெல்லையின் பயன் மருத்துவமனை வரை நீள்கிறது. பரவல் பட்டியல்களைக் கையாளும் ஆய்வாளர், ஒவ்வொரு பதிவும் எந்த ஆண்டில், எந்த இனவரையறையின்கீழ், எந்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டு தரப்பட்டது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். மாதிரியோடும் இடக்குறிப்போடும் காக்கப்பட்ட பதிவு, பெயர் மாறினாலும் மறுஆய்வுக்கு உதவும். பெயரை மட்டும் தாங்கிய பதிவு, பெயர் மாறும் நாளில் பொருளிழக்கும்.